கோப்பை வாங்கின அணி பாதி சீசனில் ஏன் கலைந்தது?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கணக்குக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



கணக்குக் குழு பேசப் போகிறது என்றதும் சிலருக்கு முகம் வாடுகிறது. பயப்பட வேண்டாம். நிலுவைப் பட்டியல் எதையும் வாசிக்கப் போவதில்லை. இன்றைக்கு ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். ரொம்ப தூரத்தில், நார்வே என்கிற நாட்டில், பெண்கள் ஆடுகிற ஹேண்ட்பால் லீக்கில், 2024-25 சீசனில் நடந்த விஷயம் இது. ஐரோப்பாவிலேயே பெரிய கோப்பையை மூன்று வருடம் தொடர்ந்து வாங்கின ஒரு பெண்கள் அணி, அந்த சீசனின் நடுவில் பணம் இல்லாமல் கலைந்து போனது. முதலில் கேள்விப்பட்டபோது எங்களுக்கே நம்ப முடியவில்லை. கோப்பை வாங்கினவங்களுக்கா பணக்கஷ்டம் என்று நினைத்தோம். அதனால் உட்கார்ந்து படித்தோம். படித்ததைச் சொல்கிறோம்.

முதலில் விளையாட்டு. கைப்பந்து என்று சொன்னால் நமக்கு வாலிபால் ஞாபகம் வரும். எறிபந்து என்றால் த்ரோபால். இது அந்த இரண்டும் இல்லை. ஹேண்ட்பால் என்றே சொல்லுவோம். நம்ம பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடத்தில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள தளம். இரண்டு பக்கமும் வலை கட்டிய கோல். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கபடி மாதிரியே ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். அதில் ஒருத்தர் கோல்கீப்பர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது, மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. தட்டிக்கொண்டு ஓடலாம், கூட்டாளிக்குக் கொடுக்கலாம், கோலைப் பார்த்து வீசலாம்.

கோலுக்கு முன்னால் 6 மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு உண்டு. அதற்குள்ளே கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியே இருந்து எம்பிக் குதித்து, கால் தரையில் படுவதற்குள் பந்தை வீசிவிட்டால் அது செல்லும். இந்த ஆட்டத்தின் அழகே அதுதான். அந்தரத்தில் பறந்துகொண்டே வீசுவார்கள். ஒரு மணி நேர ஆட்டத்தில் இரண்டு பக்கமும் 25, 30 கோல் விழும். முரட்டுத்தனமாகப் பிடித்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் அணி ஒரு ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். மூன்றாவது முறை அதே தப்பைச் செய்தால் அன்றைய ஆட்டத்துக்கே வெளியே.

நார்வே பனி நாடு. மக்கள் தொகை சுமார் 55 லட்சம். குளிர்காலத்தில் பொழுது சீக்கிரம் இருட்டிவிடும், வெளியே விளையாட முடியாது. அதனால் ஊருக்கு ஊர் கூரை போட்ட விளையாட்டுக் கூடம் உண்டு. அந்தக் கூடத்துக்குள் பெண் பிள்ளைகள் அதிகம் ஆடுவது ஹேண்ட்பால்தான். 1986 உலகப் போட்டியில் அவர்களுடைய பெண்கள் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அதற்குப் பிறகு 1994 முதல் 2009 வரை மரித் பிரைவிக் என்கிற பெண்மணி பயிற்சியாளராக இருந்து அணியை வளர்த்தார். 1999-இல் உலகப் பட்டம். ஒலிம்பிக்கில் 2008, 2012, 2024 என்று மூன்று தங்கம். நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரர் பெயர் தெரிகிற மாதிரி, அங்கே இந்தப் பெண்களின் பெயர் தெரியும். கல்யாணம், பிள்ளைப்பேறு ஆன பிறகும் திரும்ப வந்து ஆடுவார்கள். அதை அங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நாங்கள்தான் அதிசயப்பட்டோம்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். அந்த நாட்டில் பிள்ளைகள் ஆடுகிற கிளப்புகளைப் பெரும்பாலும் ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். பெற்றோர்கள் முறை வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஒருத்தர் கேக் செய்து கொண்டுவருவார். ஒருத்தர் ஆட்டம் நடக்கிற இடத்தில் கடை போட்டு காபியும் பலகாரமும் விற்பார். கழிப்பறைக் காகிதத்தை மொத்தமாக வாங்கி வீடு வீடாக விற்று, அந்த லாபத்தில் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அங்கே இது ரொம்ப சாதாரணம். இப்படிக் கூலி இல்லாமல் கூடிச் செய்கிற வேலைக்கு அவர்கள் மொழியில் டுக்நாட் என்று ஒரு சொல்லே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 11 வயது ஆகிற வருடம் வரைக்கும் யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் போடக் கூடாது என்பதும் அந்த நாட்டு விளையாட்டு விதி. ஆடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

இப்படி அடியில் காபி விற்ற காசில் ஓடுகிற கிளப்புகள். இவற்றின் உச்சியில் ஒரு லீக். நாம் பேச வந்தது அதைத்தான்.

நார்வே பெண்கள் ஹேண்ட்பாலின் முதல் பிரிவு லீக்குக்கு ரேமா 1000 என்கிற மளிகைக் கடை நிறுவனத்தின் பெயர். ரொம்ப வருடத்துக்கு முன்னால் தபால் நிறுவனத்தின் பெயர் இருந்தது. யார் விளம்பரப் பணம் தருகிறார்களோ அவர்கள் பெயர். 2024-25 சீசனில் 14 அணிகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு அணியும் மற்ற 13 அணிகளோடும் இரண்டு தடவை மோத வேண்டும். ஒன்று சொந்த ஊரில், ஒன்று அவங்க ஊரில். ஆக மொத்தம் 26 ஆட்டம். ஜெயித்தால் 2 புள்ளி, சமனானால் 1 புள்ளி. இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த வருடம் வசந்தம் வரை போகும். மேலே வருகிற அணிகள் ஐரோப்பிய போட்டிக்குப் போகும். கீழே இருப்பவை இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

இந்த 14-இல் ஒன்று வைப்பர்ஸ். நாட்டின் தெற்குக் கடற்கரையில் கிறிஸ்டியான்சான் என்கிற துறைமுக ஊர் அணி. வைப்பர் என்றால் விரியன் பாம்பு. பெயருக்கு ஏற்ற மாதிரி ஆட்டம். 2018-இல் லீக் பட்டம் வாங்க ஆரம்பித்தவர்கள், அதற்குப் பிறகு வருடம் தவறாமல் பல சீசன் வாங்கினார்கள். நாட்டுக்குள் மட்டும் இல்லை. ஐரோப்பாவின் எல்லா நாட்டு முன்னணி கிளப்புகளும் மோதுகிற சாம்பியன்ஸ் லீக்கில் 2021-இல் பிரான்ஸ் நாட்டு பிரெஸ்ட் அணியை 34-28 என்று ஜெயித்தார்கள். 2022-இல் ஹங்கேரியின் ஜியோர் அணியை 33-31. 2023-இல் அதே நாட்டின் இன்னொரு அணியான எஃப்டிசியை 28-24. இந்த மூன்று இறுதி ஆட்டமும் ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்டில்தான் நடந்தது. அடுத்தவங்க வீட்டு முற்றத்தில் போய் ஜெயித்து வந்தார்கள்.

மூன்று தடவையும் கோலில் நின்றவர்களில் முக்கியமானவர் கத்ரின் லுண்டே. 1980-இல் அதே கிறிஸ்டியான்சானில் பிறந்தவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். வெளிநாட்டில் எல்லாம் ஆடிவிட்டு 2017-இல் சொந்த ஊர் அணிக்கு வந்து சேர்ந்தார்.

இப்போது பணம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இங்கேதான் நமக்கு வேலை.

இப்படி ஒரு கிளப்புக்கு வரவு எங்கிருந்து? டிக்கெட், விளம்பரம் தருகிற கம்பெனிகள், கொஞ்சம் டிவி பணம், ஜெயித்தால் பரிசு. வைப்பர்ஸ் ஆடின கூடத்தின் பெயர் அக்வாராமா. பக்கத்திலேயே நீச்சல் குளம் உள்ள பெரிய கட்டடம். ஆனால் ஆட்டக் கூடத்தில் சுமார் 2,200 பேர்தான் உட்கார முடியும். எவ்வளவு பெரிய ஆட்டமாக இருந்தாலும், எவ்வளவு பேர் வாசலில் நின்றாலும், அதற்கு மேல் டிக்கெட் விற்க முடியாது. அதாவது டிக்கெட் வரவுக்கு ஒரு கூரை இருக்கிறது. செலவுக்கு அப்படிக் கூரை இல்லை.

ஜெயிக்க ஜெயிக்க ஆட்டக்காரர்களின் மதிப்பு ஏறும். அடுத்த வருடம் அதே பெண்ணை வைத்துக்கொள்ள அதிகம் தர வேண்டும். வேறு நாட்டு அணி கூப்பிடுகிறது என்பார்கள், உண்மைதான், கூப்பிடும். சாம்பியன்ஸ் லீக்கில் முதல் கட்டத்திலேயே 14 ஆட்டம். அதில் பாதி வெளிநாட்டில். விமானம், தங்குமிடம், சாப்பாடு, ஆட்டக்காரர், பயிற்சியாளர், வைத்தியர் என்று ஒரு கூட்டமே போக வேண்டும். சம்பளத்துக்கு மேலே வேறு செலவும் உண்டு. அங்கே ஆட்டக்காரர் ஒரு தொழிலாளி. முதலாளி என்கிற முறையில் கிளப், சம்பளத்தின் மேல் நூற்றுக்கு 14.1 வீதம் அரசுக்குக் கட்ட வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்களுக்கு அதுதான் வீதம். அதுபோக ஆட்டக்காரரின் சம்பளத்தில் பிடித்த வருமான வரி இருக்கிறதே, அதைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பது அந்த சீசனில் அங்கே முதலாளிகளுக்குச் சட்டமாக இருந்தது. கையில் இருந்தாலும் அது நம்ம பணம் இல்லை, அதைத் தொடாதே என்று அர்த்தம். எங்களுக்கு இந்த விதி ரொம்பப் பிடித்தது. குழுவில் வசூலான தவணையைக் கையில் வைத்திருக்கிற பொருளாளர்களுக்கு இது புரியும்.

முக்கியமான சிக்கல் இதுதான். ஆட்டக்காரரோடு போடுகிற ஒப்பந்தம் இரண்டு வருடம், மூன்று வருடத்துக்கு. விளம்பரக் கம்பெனி அந்த அளவுக்கு வாக்குக் கொடுப்பதில்லை. ஒரு கம்பெனி அடுத்த வருடம் தரமாட்டேன் என்று ஒரு கடிதம் போட்டால் முடிந்தது. ஆனால் சம்பளம் தருகிறேன் என்று கிளப் போட்ட கையெழுத்து அப்படியே நிற்கும். நம்ம குழு ஒன்று, வங்கிக் கடன் இந்த மாதம் வந்துவிடும் என்று நம்பி, வருவதற்கு முன்னாலேயே பத்து பேருக்கு உள்கடன் தருவதாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஒருத்தர் மாடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். அந்த நிலைதான்.

2024 அக்டோபரில், சீசன் ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே, கையில் பணம் இல்லை, திவால் மனு கொடுக்கப் போகிறோம் என்று கிளப் நிர்வாகம் அறிவித்தது. நாடே அதிர்ந்தது. ஆனால் உடனே உள்ளூர்ப் பணக்காரர்கள் சிலர் முன்வந்து பணம் போட்டு, கடைசி நேரத்தில் காப்பாற்றினார்கள். ஊருக்கெல்லாம் பெரிய நிம்மதி. பெண்கள் மறுபடி களத்தில் இறங்கினார்கள்.

நாங்கள் இந்த இடத்தில் நின்று யோசித்தோம். காப்பாற்ற வந்தவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. நல்ல மனசோடு வந்தவர்கள்தான். ஆனாலும் தீ விபத்துக்கு ஊரே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஒரு தடவை ஊற்றலாம். மாசா மாசம் வருகிற சம்பள நாளுக்கு யார் ஊற்றுவது? ஒப்பந்தங்கள் பழையபடியே இருக்கிற வரை, ஒரு தடவை போட்ட பணம் சில மாதத்தைத்தான் தாண்டும்.

நவம்பர் கடைசியில் லீக்குக்கு இடைவேளை விட்டார்கள். ஐரோப்பிய நாடுகளின் பட்டப் போட்டி. டிசம்பர் நடுவில் வியன்னா நகரத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் நார்வே பெண்கள் டென்மார்க்கை 31-23 என்று ஜெயித்தார்கள். நாடு கொண்டாடியது. ஒலிம்பிக் தங்கமும் ஐரோப்பியப் பட்டமும் ஒரே வருடத்தில். அடுத்த மாதம், 2025 ஜனவரியில், வைப்பர்ஸ் உண்மையாகவே திவாலானது. லீக்கிலிருந்தும் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்தும் விலகியது. தேசிய அணி உச்சத்தில் இருக்கிற அதே நேரத்தில், நாட்டின் பெரிய கிளப் இல்லாமல் போனது.

திவால் என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெளிவாகத் தெரியாது. கடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டிக்கொண்டு ஓடுவது என்று நினைக்கிறோம். அங்கே அது கோர்ட் வழியாக நடக்கிறது. கோர்ட் ஒரு வக்கீலை நியமிக்கும். அவர் கிளப்பிடம் என்ன மிச்சம் இருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கெடுப்பார். இருப்பதை விற்று, சட்டம் சொன்ன வரிசைப்படி பங்கு போடுவார். தொழிலாளியின் சம்பளத்துக்கு முன்னுரிமை உண்டு. அதுவும் போதாவிட்டால் அரசின் ஊதிய உத்தரவாதத் திட்டம், ஓர் அளவு வரைக்கும், பாக்கிச் சம்பளத்தைத் தருகிறது. இது இல்லை என்றால் அந்தப் பெண்கள் வெறும் கையோடு போயிருப்பார்கள். வரிசையில் கடைசியில் இருப்பவர்கள் யார்? கடனுக்குப் பொருளும் வேலையும் கொடுத்த சின்ன ஆட்கள். எந்தத் திவாலிலும் பெரும்பாலும் அவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நிர்வாகக் குழுவில் இருக்கிறவர்களுக்கும் அங்கே சட்டப்படி பொறுப்பு உண்டு. கம்பெனியின் சொந்தப் பணம் ஆபத்தான அளவுக்குக் கரைந்தால், தெரிந்ததும் நடவடிக்கை எடுக்க வேண்டும். பார்க்கலாம், அடுத்த மாசம் சரியாயிடும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

வைப்பர்ஸ் போனதில் நஷ்டம் அந்த ஊரோடு நிற்கவில்லை. 14 அணி லீக் 13 அணி லீக் ஆனது. நடுவில் ஓர் அணி விலகினால் லீக்குகளில் வழக்கமாகச் செய்வது, அந்த அணி ஆடின ஆட்டங்களின் புள்ளியை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. வேறு வழி இல்லை. சிலர் அந்த அணியோடு ஆடி முடித்திருப்பார்கள், சிலர் இன்னும் ஆடியிருக்க மாட்டார்கள், கணக்கு நேராகாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், பெரிய அணியோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி உயிரைக் கொடுத்து ஆடின பெண்ணின் உழைப்பு அழிந்து போகிறது. வைப்பர்ஸ் எங்க ஊருக்கு ஆட வரப்போகுது, கூடம் நிறையும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த சின்ன ஊர்க் கிளப்புக்கு, வருடத்திலேயே நல்ல டிக்கெட் வசூல் நாள் போய்விட்டது. ஆட்டக்காரப் பெண்கள் சீசன் பாதியில் வேறு அணி தேட வேண்டியதாயிற்று. பெயர் பெற்றவர்களைக் கூப்பிட ஆள் இருக்கும். உள்ளூரில் வளர்ந்து, இந்த வருடம்தான் பெரிய அணியில் இடம் பிடித்த 19 வயதுப் பிள்ளையை யார் கூப்பிடுவார்கள்?

கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: அந்தக் கிளப்புக்குத் தணிக்கை கிடையாதா? நல்ல கேள்வி. உண்டு. லீக்கில் ஆட உரிமம் வேண்டும், அதற்கு ஹேண்ட்பால் சங்கத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும். ஆனால் தணிக்கை என்பது முடிந்து போன வருடத்தைப் பார்ப்பது. அடுத்த மூன்று மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுக்க வேண்டும், அந்தத் தேதியில் கையில் எவ்வளவு இருக்கும் என்பதை நிர்வாகக் குழுதான் பார்க்க வேண்டும். கோப்பை வருகிற வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வராது. ஜெயித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் கணக்குக் கேட்டால், இவளுக்குப் பொறாமை என்பார்கள். எங்களுக்கும் அந்தப் பேச்சு கிடைத்திருக்கிறது, அது வேறு கதை.

இதே நாட்டில் இன்னொரு கிளப் கதையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நியாயமாகாது. லார்விக் என்று ஒரு சின்ன ஊர். வைப்பர்ஸுக்கு முன்னால் அவர்கள்தான் ராணி. 2005 முதல் 2017 வரை 13 சீசன் தொடர்ந்து லீக் பட்டம். நார்வேயிலிருந்து சாம்பியன்ஸ் லீக்கை முதன்முதலில் வாங்கின கிளப்பும் அதுதான், 2011-இல். 2017 வாக்கில் அவர்களுக்கும் பணம் தட்டியது. அவர்கள் செலவைக் குறைத்தார்கள். சம்பளம் குறைந்தது, பெரிய ஆட்டக்காரர்கள் பலர் வேறு கிளப்புக்குப் போனார்கள். அடுத்த சீசனே பட்டம் கைவிட்டுப் போனது. வாங்கினது யார்? வைப்பர்ஸ்தான். பதின்மூன்று வருடம் முதலிடத்தில் இருந்துவிட்டு, எதிராளி கோப்பையைத் தூக்குவதைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. ஊரில் எவ்வளவு பேச்சு வந்திருக்கும்! ஆனால் 2024-25 சீசனில் வைப்பர்ஸ் விலகினபோது, மிச்சம் இருந்த 13 அணிகளில் லார்விக்கும் ஒன்று. எங்கள் குழுவில் இதைப் பற்றி விவாதமே வந்தது. ஒருத்தர், மூன்று தடவை ஐரோப்பாவை ஜெயித்துவிட்டு அழிந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெருமை யாருக்குக் கிடைக்கும் என்றார். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்களும் லார்விக் பக்கம்தான்.

நார்வேயில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து நாடு டென்மார்க்கில் ஆண்கள் அணி ஒன்று, ஏஜி கோபன்ஹேகன். 2011 மே மாதம் அவர்கள் ஆடின இறுதி ஆட்டத்துக்கு ஒரு கால்பந்து மைதானத்தில் 36,651 பேர் கூடினார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. 2012-இலும் டென்மார்க் பட்டம் வாங்கினார்கள். அதே வருடம் ஜூலையில் திவால். ஒரே பெரிய முதலாளியின் பணத்தை நம்பி நின்ற அணி அது. ஜெர்மனியில் லூட்விக்ஸ்பர்க் பெண்கள் அணி 2025-இல் நாட்டுப் பட்டம் வாங்கினது. ஜூலை மாதம் பணம் இல்லை என்று மனு. 2025-26 சீசனில் அந்த அணி இறங்கவே இல்லை. ஜெர்மனி தேசிய அணித் தலைவி ஆண்ட்யே டோல் அந்தக் கிளப்பில்தான் இருந்தார். அவர் கிளம்பி நார்வேயின் சோலா கிளப்புக்குப் போனார். ஒரு ஊரில் கூரை விழுந்தால் இன்னொரு ஊருக்குப் போகிற மாதிரி. அந்த சோலாவும் ஸ்டோர்ஹமார் என்கிற கிளப்பும்தான், வைப்பர்ஸ் போன பிறகு, 2025-26-இல் நார்வே சார்பில் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கினார்கள். ஸ்டோர்ஹமார் 2024-இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையை வாங்கின கிளப். அதனால் வைப்பர்ஸ் போனதோடு அந்த நாட்டில் ஆட்டம் நின்றுவிடவில்லை.

இதைப் படித்த பிறகு கணக்குக் குழுவில் நாங்கள் ஒரு வேலை செய்தோம். நம்ம கூட்டமைப்பு இதுவரைக்கும் குழுக்களுக்குத் தருவதாகச் சொன்ன தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினோம். தீர்மான நோட்டில் ஏறினது, ஏறாமல் வாயால் சொன்னது, இரண்டையும். வாயால் சொன்னதுதான் தேடி எடுக்கக் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, இன்றைய தேதிக்கு வங்கியில் இருக்கிற தொகையையும், வரும் என்று நம்புகிற தொகையையும் தனித்தனியாக எழுதினோம். வரும் என்பதை இருக்கு என்பதோடு கூட்டவில்லை. அந்தத் தாளை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மாதம் ஒரு தடவை மாற்றுவோம். எந்தக் குழு உறுப்பினரும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஏன் ஒட்டினீங்க, வெளி ஆள் பார்த்தா அசிங்கமில்லையா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். பார்க்கட்டும் என்றோம்.

கடைசியாக ஒரு பாட்டி எழுந்து, அதெல்லாம் சரி, அந்த கோல்கீப்பர் அம்மா என்ன ஆனாள் என்று கேட்டார். கத்ரின் லுண்டே ஆட்டத்தை விடவில்லை, பாட்டி. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினபோதே அவருக்கு 44 வயது. 2025 டிசம்பரில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் உலகப் போட்டி இறுதி ஆட்டம். எதிரே ஜெர்மனி. அந்தப் பக்கம் ஆண்ட்யே டோல், இந்தப் பக்கம் கோலில் லுண்டே. 23-20 என்று நார்வே ஜெயித்தது. 45 வயதில் உலகப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, நாட்டுக்காக ஆடுவதை அதோடு நிறுத்திக்கொண்டார்.